தாலி முடிச்சும் கபடி ரெய்டும்: கேமரா பாடி வாங்கும் முன் ஒரு கணக்கு

கெட்டிமேளம் எழும்பியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை சில நொடிகள்தான். மணவறையைச் சுற்றி உறவுக்காரர்கள் எழுந்து நெருக்குவார்கள். ஹோமப்புகை கண்ணைக் கரிக்கும். நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். பெண் தலைகுனிந்திருப்பாள், மாப்பிள்ளையின் விரல்கள் மஞ்சள் கயிற்றோடு அவள் கழுத்துக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டிருக்கும். கல்யாணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம். அந்தப் பயிர் ஊன்றப்படும் நொடியைப் படமெடுக்க இன்னொரு முறை யாரும் கயிறு கட்டிக் காட்டமாட்டார்கள்.

அதே போட்டோகிராஃபர் பொங்கல் விடுமுறையில் ஊர்த் திடலுக்கு வருகிறார். இரவு நேரக் கபடி. நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு கட்டியிருக்கிறார்கள். பாடிப் போன ரெய்டர் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கோட்டை நோக்கிப் பாய்கிறார். காலை ஒருவர் பிடிக்க, இடுப்பை இன்னொருவர் பிடிக்க, நீட்டிய விரல் நடுக்கோட்டைத் தொட்டதா இல்லையா? அந்த ஒரு படத்துக்காகத்தான் அவர் இரவெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

முகூர்த்த நாள்களில் கல்யாணம், ஆடியிலும் மார்கழியிலும் பள்ளி விளையாட்டு விழா, இடையிடையே கபடி, கிரிக்கெட் என்று பிழைப்பு நடத்துகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். "ரெண்டுக்கும் சேர்த்து எந்த பாடி வாங்கலாம்?" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் பிராண்டின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு கணக்கைச் சொல்கிறேன். கல்யாணம் கேமராவிடம் ஒளியைக் கேட்கிறது. விளையாட்டு நேரத்தைக் கேட்கிறது. சென்சார் எவ்வளவு ஒளியைப் பிடிக்கிறது, பிடித்ததை எவ்வளவு விரைவாகப் படித்து முடிக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் விளம்பரத்தில் வரும் மற்ற எண்கள் தாமாகவே தத்தம் இடத்தில் போய் உட்காரும்.

துளி எண்ணும் பாத்திரங்கள்

ஒளி தொடர்ச்சியான வெள்ளம் போலத் தோன்றினாலும் துகள் துகளாகத்தான் வந்து சேர்கிறது. ஒரு ஃபோட்டான் சிலிக்கானில் மோதினால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் அந்த எலக்ட்ரான்களைத் தேக்கும் சின்னப் பாத்திரம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எத்தனை சேர்ந்தன என்று எண்ணுவதுதான் படம் எடுப்பது.

முற்றத்தில் ஒரே அளவிலான பத்துக் கிண்ணங்களைத் தூறலில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் சரியாக அதே எண்ணிக்கையில் துளி விழாது. சராசரியாக 100 துளி விழுந்தால் ஒன்றில் 92, இன்னொன்றில் 109 என்று இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது இயற்பியல் விதி. 100 துளிக்கு 10, அதாவது பத்து விழுக்காடு. 10,000 துளிக்கு 100, அதாவது ஒரே விழுக்காடு. படத்தில் மணல் தூவியது போல் தெரியும் நாய்ஸில் பெரும்பங்கு இதுதான். ஒளி குறைந்தால் எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் இது வந்தே தீரும்.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதில் 24 மெகாபிக்சல் இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் 6 மைக்ரான் அகலம். கணக்குக்கு வசதியாக ஒரு பிக்சல் 64,000 எலக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100-இல், மாநிறமான ஒரு முகம் அந்தப் பாத்திரத்தில் எட்டில் ஒரு பங்கை நிரப்பும்: 8,000. ஏற்ற இறக்கம் ஒரு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும், கண்ணுக்குத் தெரியாது. அதே முகத்தை மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுங்கள். ஒளி 64 மடங்கு குறைந்துவிட்டது. பிக்சலுக்கு 125 எலக்ட்ரான்தான். ஏற்ற இறக்கம் 9 விழுக்காடு. மணப்பெண்ணின் கன்னத்தில் பொரிப்பொரியாகத் தெரிவது அதுதான்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் கேமரா அதிக ஒளியைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐஎஸ்ஓ ஒளியைக் கூட்டுவதில்லை. கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒளியைக் கூட்ட மூன்றே வழிகள்: லென்ஸின் வாயைப் பெரிதாகத் திறக்கலாம் (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது), ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம், விளக்கு போடலாம். பாடியின் பங்கு அதற்குப் பிறகுதான். அளவில் சிறிய கிராப் சென்சாரின் பரப்பு சுமார் 367 சதுர மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேமின் பரப்பு 864. ஒரே எஃப் எண்ணில், ஒரே ஷட்டர் வேகத்தில், ஒரே காட்சியை நிரப்பி எடுத்தால் பெரிய சென்சாரில் 2.3 மடங்கு ஒளி சேரும். மண்டப வேலைக்கு ஃபுல் ஃபிரேமைப் பலரும் விரும்புவதன் காரணம் இந்தப் பரப்புதான்.

கிராப் சென்சாருக்கும் ஒரு வலிமை உண்டு. 200 எம்எம் லென்ஸ் அதில் 300 எம்எம் போலக் காட்டும். பவுண்டரிக் கோட்டுக்கு வெளியிலிருந்து கிரிக்கெட் எடுப்பவருக்கு, அதுவும் பகல் வெயிலில், இது பெரிய மிச்சம். நைகானின் டி500 போன்ற கிராப் பாடிகளை விளையாட்டு போட்டோகிராஃபர்கள் விரும்பி வைத்திருந்தது இதனால்தான்.

ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி

இனி நேரத்தின் கணக்கு. மண்டபத்தில் தாலி கட்டும் கை மெதுவாகத்தான் அசையும். 1/160 நொடி போதும். கபடியில் ரெய்டரின் கை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று கொள்வோம். 1/160 நொடிக்குள் அது 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் விரல்களே இருக்காது, ஒரு கோடுதான் இருக்கும். 1/1000 நொடியில் 8 மில்லிமீட்டர் நகரும், விரல்கள் தெரியும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்து 1/1000 நொடியில்கூட ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் ஓடிவிடும். அதை நிறுத்த 1/4000 வேண்டும்.

ஆனால் 1/160-இலிருந்து 1/1000-க்குப் போனால் ஒளி ஆறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் இரவுக் கபடி சில சமயம் மண்டபத்தைவிட ஒளிப் பஞ்சம் மிகுந்த வேலையாக இருக்கிறது. பாடிக்குள்ளேயே இருக்கும் நடுக்கக் கட்டுப்பாடு இங்கே உதவாது. அது நம் கை நடுக்கத்தைத் தடுக்கும், ஓடுகிறவரை நிறுத்தாது. கையில் இருக்கும் பணம் குறைவென்றால் பாடியில் ஒரு படி இறங்கி, எஃப் 2.8 லென்ஸ் வாங்குங்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். எஃப் 5.6 லென்ஸைவிட அது நான்கு மடங்கு ஒளியைத் தரும். அந்த நான்கு மடங்கை எந்த பாடியும் ஈடுகட்டாது.

எல்இடி சுவரும் கறுப்புப் பட்டைகளும்

இப்போது ரிசப்ஷன் மேடைக்கு வாருங்கள். பின்னால் எல்இடி சுவர், மேலே வண்ண எல்இடி விளக்குகள். புதிதாக மிரர்லெஸ் வாங்கியவர் சத்தம் வராமல் எடுக்கலாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடுகிறார். படத்தைப் பார்த்தால் மணமக்களின் மேல் குறுக்கே கறுப்புப் பட்டைகள். கேமரா கெட்டுவிட்டது என்று பதறி எனக்கு அனுப்பியவர்கள் உண்டு. கேமரா கெடவில்லை. அது மெதுவாகப் படிக்கிறது.

பெரும்பாலான சென்சார்கள் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி வரி வரியாகக் கீழே படித்துக்கொண்டு போகும். இது ரோலிங் ஷட்டர். சாதாரணச் சென்சாரில் கடைசி வரிக்குப் போய்ச் சேர 1/20 நொடிகூட ஆகலாம். அதாவது 50 மில்லிநொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும், 10 மில்லிநொடிக்கு ஒரு தடவை. படித்து முடிப்பதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கிவிடுகிறது. படத்தில் ஐந்து பட்டைகள்! ஓடுகிறவரின் கால் வளைந்து தெரிவதும், வீசிய மட்டை வாழைத்தண்டு போல நெளிவதும் இதே காரணத்தால்தான்.

பழைய முறை மெக்கானிக்கல் ஷட்டரில் இரண்டு திரைகள் சென்சாருக்குக் குறுக்கே ஓடுகின்றன. முழுத் தூரத்தையும் சுமார் 4 மில்லிநொடியில் கடந்துவிடும். அதனால் பட்டைகள் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் வரும். விளக்கின் துடிப்பைக் கவனித்து, அது உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதியை கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்தது. இன்று பல பாடிகளில் இது இருக்கிறது. உள்ளரங்க விளையாட்டு எடுப்பவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சென்சாரையே திரையளவு வேகத்தில் படிக்க வைத்தால் என்ன? சென்சாரின் முதுகில் நினைவகத்தையும் செயலியையும் அடுக்கி ஒட்டினார்கள். இத்தகைய ஸ்டேக்டு சென்சாருடன் வந்த முதல் ஃபுல் ஃபிரேம் கேமரா 2017-இல் வந்த சோனி ஏ9. நொடிக்கு 20 படம், சத்தமே இல்லாமல், வியூஃபைண்டர் ஒரு கணமும் இருளாமல். 2021-இல் நைகான் இசட்9 இன்னொரு படி ஏறியது. அதன் சென்சார் சுமார் 1/270 நொடியில் படித்து முடிப்பதால் மெக்கானிக்கல் ஷட்டரே அதில் கிடையாது. 2023 இறுதியில் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3-இல் குளோபல் ஷட்டர்: எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகின்றன. வளைவும் இல்லை, ஊர்ந்து படிப்பதால் வரும் பட்டையும் இல்லை. நொடிக்கு 120 படம் எடுக்கும்.

அதற்கும் ஒரு விலை உண்டு, ரூபாயில் மட்டுமல்ல. எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் எடுத்ததைப் படிக்கும்வரை பத்திரப்படுத்த, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் தனியாக இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு ஒளி தேக்கும் இடம் குறைகிறது. ஏ9 மார்க் 3-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 250-இல் தொடங்குவது இதன் அடையாளம். நேரத்தை வாங்கினால் கொஞ்சம் ஒளியைக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள இழுபறி சிலிக்கானுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு கண்ணால் பார்க்கும் ஃபோகஸ்

கையை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். அருகில் இருந்தால் அதிகமாக, தள்ளி இருந்தால் குறைவாக. கேமராவின் ஃபேஸ் டிடெக்ட் ஃபோகஸ் இதைத்தான் செய்கிறது. லென்ஸின் ஒரு பாதி வழியாக வந்த காட்சியையும் மறு பாதி வழியாக வந்ததையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று உடனே கணக்கிடுகிறது. டிஎஸ்எல்ஆரில் இதற்கென்றே அடியில் தனிச் சென்சார் இருந்தது. கண்ணாடி கீழே இறங்கியிருக்கும்போது மட்டுமே அதற்குப் பார்வை. கேனான் 2013-இல் 70டி மூலம் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிளந்து, படமெடுக்கும் சென்சாருக்கே இரு கண்களைக் கொடுத்தது. மிரர்லெஸ் பாடிகள் இன்று முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடித்து ஓரம்வரை தொடர்வது இந்த வழியில்தான்.

இது ஏன் முக்கியம்? 200 எம்எம் லென்ஸில், எஃப் 2.8-இல், 10 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர். நம்மை நோக்கி வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறவர் நொடிக்கு 10 படம் எடுக்கும்போது, இரண்டு படங்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அடுத்த படத்தில் அவர் எங்கே இருப்பார் என்று முன்கூட்டிக் கணித்து லென்ஸை அங்கே கொண்டுபோய் வைக்காத கேமரா நொடிக்கு நாற்பது படம் எடுத்தாலும் நாற்பதும் வீண். கல்யாணத்தில் ஆழம் இன்னும் குறைவு. 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.4, 2 மீட்டர் தூரம்: 5 சென்டிமீட்டருக்கும் கீழே. பெண் தலையைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் இரண்டு வேலைக்கும் பொதுவான தேவை. பாடியில் முதலில் பணம் போட வேண்டிய இடம் இதுவே.

குடமும் குழாயும்

24 மெகாபிக்சல், 14 பிட். சுருக்காத ரா ஃபைல் ஒன்றுக்கு சுமார் 42 எம்பி. நொடிக்கு 20 என்றால் 840 எம்பி. யுஎச்எஸ்-2 எஸ்டி கார்டின் பாதை அதிகபட்சம் நொடிக்கு 312 எம்பிதான் விடும். மீதியெல்லாம் பாடிக்குள் இருக்கும் பஃபர் என்ற குடத்தில் தேங்கும். குடம் நிரம்பியதும் கேமரா திணறி நிற்கும், பெரும்பாலும் ரெய்டர் கோட்டைத் தொடும் அந்த நொடியில். தொடர்ந்து விளையாட்டு எடுப்பவருக்கு நொடிக்கு 1,000 எம்பியைத் தாண்டும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு எடுக்கும் பாடி ஆடம்பரம் அல்ல.

கல்யாணத்துக்கு வேகம் இத்தனை தேவையில்லை. அங்கே வேண்டியது இரண்டு கார்டு ஸ்லாட். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முகூர்த்தத்தில் என் கேமராவில் இருந்த ஒரே கார்டு நடுவில் பழுதாகிவிட்டது. நலங்கிலிருந்து மாலை மாற்றும்வரை எடுத்த எதுவும் திறக்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகம் இன்றும் மறக்கவில்லை. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகாத பாடியை எடுத்துக்கொண்டு அதன் பிறகு நான் மணவறை ஏறியதில்லை. நீங்களும் ஏற வேண்டாம்.

அரக்குப் பட்டு சொல்லும் பாடம்

நிறம் பற்றி ஒரு சொல். சென்சாருக்கு நிறம் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறையில், பிக்சல்கள் மேல் வண்ண வடிகட்டிகள் இருக்கின்றன: பாதிக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். கேமராவின் ஒளி அளவீடு பெரும்பாலும் பச்சையை நம்பியே நடக்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டு வந்தால் சிவப்புப் பிக்சல்கள் மட்டும் நிரம்பி வழிந்துவிடும். மொத்த அளவீடு சரி என்று காட்டும். புடவையில் நெசவும் புட்டாவும் மறைந்து வெறும் சிவப்புப் பரப்பு நிற்கும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் காட்டும் பாடியைத் தேர்ந்தெடுத்து, பட்டு வரும்போது ஒளியை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். அந்தப் புடவையை வாங்கக் குடும்பமே காஞ்சிபுரத்துக்குப் போய் வந்திருக்கும். அதன் ஜரிகை ஆல்பத்தில் தெரிய வேண்டும்.

அதே ஆல்பம் மெகாபிக்சல் கேள்விக்கும் விடை தருகிறது. 12-க்கு 36 அங்குல விரிப்பில் ஒரு பக்கம் 12-க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,600-க்கு 5,400, அதாவது 19.4 மெகாபிக்சல். 24 இருந்தால் தாராளம். அதற்கு மேல் போகப் போக ஃபைல் பெருக்கும், பஃபர் சீக்கிரம் நிரம்பும், கணினி திணறும். கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 போன்ற விளையாட்டுக்கான உச்ச பாடி 20 மெகாபிக்சலில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது.

எதை வாங்குவது?

கல்யாணம் பெரும்பகுதி, விளையாட்டு எப்போதாவது என்றால் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம், இரண்டு ஸ்லாட், நல்ல கண் ஃபோகஸ், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 10 படம் போதும். கேனான் ஆர்6 மார்க் 2, நைகான் இசட்6 மார்க் 3 ஆகியவை இந்த இடத்தில் நிற்பவை. இசட்6 மார்க் 3-இன் சென்சார் பகுதி ஸ்டேக்டு வகை. இரண்டு உலகுக்கும் நடுவே போட்ட பாலம். விளையாட்டே பிழைப்பு என்றால் ஸ்டேக்டு சென்சாரும் வேகமான கார்டும் தவிர்க்க முடியாதவை. கையில் பணம் குறைவா? செகண்ட் ஹேண்ட் நைகான் டி750, கேனான் 5டி மார்க் 4 இரண்டும் இன்றும் மண்டபத்தில் தலைநிமிர்ந்து வேலை செய்பவை. வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்; டி750-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு விலையுயர்ந்த பாடியைவிட இரண்டு நடுத்தர பாடிகள் மேல். ஒன்று நின்றுபோனால் கல்யாணம் நிற்காது.

கடைக்குப் போகும்போது உங்கள் கார்டை எடுத்துச் செல்லுங்கள். கடையின் இருட்டான மூலையில் நண்பரை நிறுத்தி ஐஎஸ்ஓ 6400-இல் அவர் முகத்தை எடுங்கள். சத்தமில்லா ஷட்டரைப் போட்டு எல்இடி விளக்கை நேராக எடுங்கள், பட்டைகளை எண்ணுங்கள். நண்பரை உங்களை நோக்கி விரைந்து நடக்கச் சொல்லி, குடம் நிரம்பும்வரை விரலை எடுக்காமல் சுடுங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கி, பத்தில் எத்தனை படத்தில் அவர் கண் தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு விலையைப் பேசுங்கள். மூன்றாவது முடிச்சு விழும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் கடை மூலையில் நீங்களே எண்ணிப் பார்த்த கேமரா.